பணமுடை நாட்களில் வீட்டுக்குள் நன்றி சொல்வது எப்படி

முதலில் நான் எப்படிச் சொதப்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணவர் வேலை பார்த்த நிறுவனம் சம்பளத்தைப் பாதியாக்கி, அப்புறம் மொத்தமாக நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், அத்தை, 13 வயது மகள், 8 வயது மகன். எங்கேயோ படித்ததை நம்பி நான் ஒரு நோட்டை எடுத்து, தினமும் தூங்கப் போவதற்கு முன் ஆளுக்கு மூன்று நல்ல விஷயம் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டேன். மகன் முதல் நாள் ‘ஃபேன் ஓடுகிறது’ என்று எழுதினான். இரண்டாம் நாளும் அதே ஃபேன். மூன்றாம் நாள் அதையும் எழுதச் சோம்பல்பட்டு, மேலே இருப்பதுதான் என்று ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். மகள் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எட்டாம் நாள், “எதுக்கும்மா இது? அப்பாவுக்குச் சம்பளம் வராததுக்கும் நன்றி சொல்லணுமா?” என்று கேட்டாள். நான் அவளைத் திட்டினேன். நன்றி கெட்டவள் என்றேன். நன்றி நோட்டைக் கையில் வைத்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னேன்.

அவள் கேட்டது சரியான கேள்வி என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்த நெருக்கடி நீடித்தது. அதில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். நான் அதைத் தலைகீழாகச் செய்ததால்தான் எல்லாம் கோணலாகப் போனது.

முதலில் கணக்கு, அப்புறம்தான் நன்றி

வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது என்பது மூடுமந்திரமாக இருக்கும்வரை யாருடைய நன்றியும் ஒட்டாது. நன்றாகத்தான் இருக்கிறோம் என்று வாய் சொல்லும். அலமாரிக்குள் திறக்காத கடிதங்கள் கிடக்கும். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் நம்மைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

எங்கள் கணக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பள்ளிக் கட்டணச் சீட்டு, வங்கிப் புத்தகம் என்று எல்லாவற்றையும் கட்டிலின் மேல் பரப்பினோம். பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தேன். முடிந்தது என்று நினைத்தபோது கணவர் எழுந்து போய்த் தன் மூக்குக்கண்ணாடி டப்பாவை எடுத்து வந்தார். கண்ணாடி துடைக்கும் துணிக்கு அடியில், எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. எனக்குத் தெரியாமல் வாங்கிய கடன். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து தேய்ந்து வெள்ளையாகியிருந்தது.

எனக்கு நாக்கு நுனிவரை வந்த வார்த்தைகள் வேறு. ஆனால் அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை தடவை பிரித்துப் பார்த்து மறுபடி மடித்திருந்தால் ஒரு தாள் அப்படித் தேயும்! “இத்தனை நாளா இதைத் தனியாவா சுமந்துக்கிட்டு இருந்தீங்க?” என்றுதான் கேட்க முடிந்தது. அவர் பதில் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றி அந்தத் துணியால் துடைத்தார். கோபமே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனாலும் அந்த வருடம் எங்கள் வீட்டில் உருப்படியாகச் சொல்லப்பட்ட முதல் நன்றி அந்தக் கேள்விதான். அதில் நன்றி என்ற சொல்லே கிடையாது.

இதை நீங்கள் செய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். இரவில் உட்காராதீர்கள். பணக் கவலை புத்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம், அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாளிலும் அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் சிந்தனைத் திறனைச் சோதித்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான ஆய்வு அது. அதே ஆள், பணம் வந்த பிறகு இன்னும் நன்றாகச் செய்தார். என் கணவர் கூட்டல் கணக்கில் தப்பு விடுகிறவர் அல்ல. அந்த மாதங்களில் மூன்று முறை தப்பு விட்டார். நானும் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன். அது சோம்பேறித்தனம் இல்லை என்று தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும். அதனால் காலையில் உட்காருங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், முடிவெடுத்ததை எழுதிவையுங்கள், மனதில் நிற்கும் என்று நம்பாதீர்கள்.

தாள்களை மூன்றாகப் பிரியுங்கள். தவறினால் வீடே நின்றுவிடும் என்கிறவை ஒரு பக்கம்: வாடகை, மின்சாரம், மருந்து. அவகாசம் கேட்கக் கூடியவை இன்னொரு பக்கம். உடனே நிறுத்தக் கூடியவை மூன்றாவது. இரண்டாவது அடுக்கில் இருப்பவர்களுக்குத் தவணைத் தேதி வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். தேதி தாண்டிப் பேசினால் நாம் ஓடி ஒளிந்தவர்கள். தேதிக்கு முன் பேசினால் நாம் கட்ட நினைப்பவர்கள். நாள் கேளுங்கள், தவணையைச் சின்னதாக்க முடியுமா என்று கேளுங்கள், கொஞ்ச காலம் வட்டி மட்டும் கட்டலாமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்.

எந்தக் கடனை முதலில் முடிப்பது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. வட்டி அதிகமான கடனை முதலில் முடிப்பதுதான் லாபம், அதில் சந்தேகமே இல்லை. இருந்தும் நாங்கள் இருந்ததிலேயே சின்னக் கடனை முதலில் தீர்த்தோம். பட்டியலில் ஒரு வரியையாவது அடிக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஏக்கமாக இருந்தது. அடித்தோம். அதற்குப் பிறகு புத்தியோடு வட்டிப் பக்கம் திரும்பினோம்.

பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்வது

தொகை சொல்ல வேண்டியதில்லை. எது மாறும், எது மாறாது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை, அப்பாவும் அம்மாவும் இதைப் பார்த்துக்கொள்கிறோம். இந்த நான்கும் போதும். மகன், “பள்ளிக்கூடம் மாறணுமா?” என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டான். இல்லை என்றதும் விளையாடப் போய்விட்டான். மகளோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. இரண்டு தவறுகளை மட்டும் செய்யாதீர்கள். ‘யார் கேட்டாலும் வெளியே சொல்லிவிடாதே’ என்று ஒரு ரகசியத்தைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். இரவு பதினோரு மணிக்குக் கணவர் மேல் உள்ள வருத்தத்தை மகளிடம் கொட்டாதீர்கள். இரண்டாவதை நான் ஒரு தடவை செய்தேன், மறுநாள் அவள் பள்ளிக்குப் போகும் முன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980களில் விவசாயக் குடும்பங்கள் கடனில் மூழ்கின. அந்தப் பகுதியில் 1989 முதல் 451 குடும்பங்களை ராண்ட் காங்கர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் தொடர்ந்து கவனித்தார்கள். பணக் கஷ்டம் நேரே போய்ப் பிள்ளையைத் தொடுவது குறைவு. அது பெற்றோரின் மனசை வாட்டி, அவர்களுக்குள் சண்டையாகி, அந்தச் சண்டை வழியாகத்தான் பிள்ளையிடம் போய்ச் சேருகிறது என்பது அவர்கள் கண்ட பாதை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பணத்தை என்னால் வரவழைக்க முடியாது, நடுவில் இருக்கும் சண்டையைக் குறைக்க முடியும் அல்லவா?

யாருக்கு, எதற்கு என்று சொல்லுங்கள்

எங்கள் நோட்டின் கோளாறு இங்கேதான் இருந்தது. ஃபேன் ஓடுவதற்கு நன்றி சொன்னால் ஃபேனுக்கு என்ன? மின்கட்டணத்தைக் கட்ட மனுஷன் எங்கெங்கோ அலைந்திருந்தார், அவரைப் பற்றி நோட்டில் ஒரு வரி இல்லை. இருப்பதற்கெல்லாம் பொதுவாக நன்றி சொல்வது வசதியான காலத்துக்குச் சரி. முடை காலத்தில் நன்றி ஓர் ஆளைத் தேடிப் போக வேண்டும், அவர் செய்த ஒரு காரியத்தைத் தொட வேண்டும்.

நமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நன்றி என்ற சொல்லை மேடையில் சொல்வோம், கடிதத்தின் அடியில் எழுதுவோம். வீட்டுக்குள் கணவரிடம் போய் “நன்றிங்க” என்றால், “ஏன், உடம்பு சரியில்லையா?” என்பார். அந்தச் சொல் வேண்டாம், விட்டுவிடுங்கள். “நல்ல வேளை நீங்க பார்த்தீங்க”, “நீ மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்குத் தவிச்சுப் போயிருப்பேன்”, “அந்த ஆளுகிட்ட எப்படித்தான் அவ்வளவு பொறுமையா பேசினீங்களோ!” இவையெல்லாம் நன்றிதான், வீட்டு உடுப்பில் இருக்கும் நன்றி.

மேலே உள்ளதில் மூன்றாவது வாக்கியம்தான் எனக்குப் பிடித்தது. சாரா அல்கோ என்ற உளவியலாளரும் குழுவினரும் தம்பதிகள் நன்றி சொல்வதைக் கவனித்து 2016இல் எழுதினார்கள். எனக்கு இதனால் எவ்வளவு சௌகரியம் என்று சொல்வதைவிட, நீ செய்தது எப்பேர்ப்பட்ட காரியம் என்று எதிராளியைப் பற்றிச் சொல்லும் நன்றிதான் கேட்பவருக்கு இதமாக இருந்ததாம். யோசித்துப் பாருங்கள், வேலை போன ஒருவருக்கு வேறு எது வேண்டும்? தான் இன்னும் எதற்காவது உதவும் ஆள்தான் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். கணவர் வீட்டில் இருந்த மாதங்களில் தண்ணீர்க் குழாயின் கசிவைச் சரிசெய்தார், மகனுக்குச் சைக்கிள் சங்கிலி மாட்டக் கற்றுக் கொடுத்தார். முதலில் நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. கவனிக்காதது மட்டுமா, ‘சும்மாதானே இருக்கீங்க’ என்று வேறு சொன்னேன். அந்த இரண்டு சொற்களை உங்கள் வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமணமானவர்கள் 468 பேரிடம் தொலைபேசியில் கேட்டு 2015இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஓர் ஆய்வும் உண்டு. பணக் கஷ்டத்தால் வரும் வழக்கமான சண்டை, அதாவது ஒருவர் துருவித் துருவிக் கேட்க இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கும் சண்டை, அந்த வீடுகளிலும் இருந்தது. ஆனால் தன் துணை தன்னை மதித்து நன்றி காட்டுகிறார் என்று உணர்ந்தவர்களிடம் அந்தச் சண்டையின் காயம் குறைவாக இருந்தது. துருவிக் கேட்கும் ஆள் எங்கள் வீட்டில் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உடனே சொல்ல முடியாவிட்டால், பிறகு போய்ச் சொல்லுங்கள்

மகளின் புத்தகப்பையில் ஒரு வார் அறுந்துவிட்டது. புதுசு வாங்குவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் முடிவாகிவிட்டது. அத்தை பையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். தடித்த நூலை இரட்டையாக்கி, எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டில் இரண்டு தரம் இழுத்து மெழுகேற்றினார். வாரின் துணி நான்கு மடிப்பு, ஊசி இறங்கவில்லை. ஸ்பூனின் பின்பக்கத்தை ஊசிக் காதில் வைத்து அழுத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் பெருமூச்சு. அப்படி ஒரு பெட்டி போல நான்கு பக்கமும் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டு முடித்தார். மகள் பையை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். தைத்த பையைத் தூக்கிக்கொண்டு போவதில் அவளுக்கு வெட்கம். பாட்டிக்கு ஒரு வார்த்தை சொல் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். எட்டாம் நாள் சண்டை ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

அடக்கியது நல்லதாய்ப் போயிற்று. இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை அவளே பையைக் கொண்டுவந்து அத்தையின் முன்னால் போட்டு, “பாட்டி, கம்பெனிக்காரன் தைச்ச வாரும் அறுந்துபோச்சு. நீங்க தைச்சது அப்படியே இருக்கு” என்றாள். அத்தை அன்றைக்குக் கண்ணாடி போட மறந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார், மூன்று தடவை தவறியது. இதைவிட நல்ல நன்றி ஒன்றை நான் கேட்டதில்லை. அப்போதிருந்து நானும் இதைப் பழக்கிக்கொண்டேன். ஒருவர் செய்த உதவி பிறகு என்னவாயிற்று என்று போய்ச் சொல்வது. “அன்னைக்கு நீங்க சொன்னபடியே பேசினேன், தவணையைக் குறைச்சிட்டாங்க.” இப்படி. செய்த அன்றே சொல்லும் நன்றியில் கொஞ்சம் மரியாதைக்காகவும் இருக்கும். இரண்டு மாதம் கழித்துச் சொல்வதில் அது இருக்காது.

பிள்ளைகளிடம் கேட்டு வாங்காதீர்கள்

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். நோட்டை நிறுத்திவிட்டேன். பிறகு, கேலி செய்வார்கள் என்று தெரிந்தும் வாரம் ஒரு முறை என்று மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை எனக்கு மட்டும். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் நன்றி எழுதுவதைப் பற்றி 2003இல் வெளியிட்ட பிரபலமான ஆய்விலும் ஒரு பகுதியில் மாணவர்கள் வாரத்துக்கு ஒரு முறைதான் எழுதினார்கள், பத்து வாரம். சோன்யா லியுபோமிர்ஸ்கி என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் செய்த சோதனையில் வாரம் ஒரு தடவை எழுதியவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது, வாரம் மூன்று தடவை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. நானோ தினமும் மூன்று என்று பிள்ளைகளைப் பிழிந்திருந்தேன்! அடிக்கடி எழுதினால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. அம்புக்குறி போட்டவனுக்கு அது முதல் வாரமே தெரிந்திருக்கிறது.

‘உங்களுக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படுகிறோம்’ என்ற வாக்கியத்தையும் கைவிடுங்கள். அது நன்றியை அசலும் வட்டியுமாகக் கேட்பது. வீட்டில் ஏற்கெனவே கடன் அதிகம்.

எதற்கு நன்றி சொல்லக் கூடாது

‘எத்தனையோ பேருக்கு இதுகூட இல்லை’ என்று சொல்லி வாயை அடைப்பது நன்றி ஆகாது. அழுகிறவரை அழ விடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், அது போதும்.

சம்பளத்தை நிறுத்திய நிறுவனத்தில், “வேலையாவது இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள்” என்று மேலதிகாரி ஒருவர் என் கணவரிடம் சொன்னார். கணவரும் சில வாரம் அப்படியே நினைத்துக்கொண்டு நிலுவையைக் கேட்காமலே இருந்தார். உழைத்த கூலி நமக்குச் சேர வேண்டியது, யாருடைய தயவும் இல்லை. கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு, நகல் வைத்துக்கொண்டு. வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கியில் சம்பளம் ஏறியதைக் காட்டும் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அந்த உறைக்கும் நன்றி நோட்டுக்கும் சம்பந்தம் இல்லை, இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கலாம்.

கைமாற்று கொடுத்தவர்களிடம்

இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. என் அண்ணன் கைமாற்றாகப் பணம் கொடுத்தார். சீட்டு எழுதவில்லை, வட்டி பேசவில்லை. கொடுத்த நாளிலிருந்து நான் அவரைத் தவிர்க்க ஆரம்பித்தேன். அவர் போன் வந்தால் மகளிடம் கொடுத்து, “அம்மா வேலையா இருக்காங்கன்னு சொல்லு” என்பேன். கடன் வாங்கியவருக்கு உதவி செய்தவரின் முகமே நினைவூட்டுச் சீட்டாகத் தெரியும். ஐந்து மாதம் ஓடியது. அண்ணன் பணத்தை நினைக்கவே இல்லை, தங்கை ஏன் பேசமாட்டேன் என்கிறாள் என்றுதான் தவித்திருக்கிறார். இது அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால் உதவி வாங்கிய அன்றே ஒரு தேதி சொல்லிவிடுங்கள். பணம் திருப்பித் தரும் தேதி சொல்ல முடியாவிட்டால் பேசும் தேதியைச் சொல்லுங்கள். நான் ஒன்றாம் தேதி என்று வைத்துக்கொண்டேன். கையில் இருந்தால் சின்னத் தொகை ஒன்று அனுப்பிவிட்டுப் பேசுவேன், இல்லாவிட்டால் “அண்ணா, இந்த மாசம் முடியலை” என்று சொல்லிவிட்டுப் பேசுவேன். முதல் இரண்டு மாதம் கை நடுங்கியது. மூன்றாம் மாதம் பணப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்து, மீதி அரை மணி நேரம் அண்ணனின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள், என்று கொடுத்தார்கள் என்பதை நோட்டில் எழுதுங்கள். பணம் கொடுக்காமல் வேறு விதத்தில் உதவியவர்களையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்: வேலை இருப்பதாகத் தகவல் சொன்னவர், மகனைத் தன் பிள்ளையோடு பள்ளியில் விட்டுவந்தவர். திருப்பிக் கொடுக்கும் நாள் வரும்போது இவர்கள்தான் விட்டுப்போவார்கள்.

கடைசித் தொகையை அனுப்பிவிட்டு ஒரு ஒன்றாம் தேதி அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாம் முடிந்தது அண்ணா, கணக்கு நேர் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்போ இனிமே ஒண்ணாந்தேதி போன் வராதா?” என்றார்.